ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்து இடம் பிடிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறியதும் பலரும் டிஸ்க்கின் பகுதிகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே பெயரும் இல்லாமல் டிரைவ் எழுத்தும் இல்லாமல் இரண்டு மூன்று கட்டங்கள் உட்கார்ந்திருக்கும். இவற்றைத் தூக்கிவிட்டால் இடம் கிடைக்குமே என்று தோன்றுவது இயல்புதான். எதைத் தூக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து 15 ஜிபி கிடைக்கலாம், அரை ஜிபி கிடைக்கலாம், கம்ப்யூட்டர் பூட் ஆகாமலே போகலாம். கீழே உள்ள பதில்கள் விண்டோஸ் 10, 11 ஓடும் லேப்டாப்களுக்கானவை. பழைய விண்டோஸ் பற்றித் தேவையான இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ரெக்கவரி பார்ட்டிஷன் என்றால் என்ன?

பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதி. ரெக்கவரி பார்ட்டிஷன் என்று இரண்டு வேறு வேறு பொருள்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். பாதிக் குழப்பம் அதிலிருந்துதான் வருகிறது.

முதலாவது சின்னது. விண்டோஸ் தனக்காக வைத்துக்கொள்வது. அளவு சுமார் 500 எம்பியிலிருந்து 1 ஜிபி வரை இருக்கும். விண்டோஸ் பூட் ஆக மறுத்தால் நீலத் திரையில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சிஸ்டம் ரீஸ்டோர்', 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று வருகிறதே, அது இந்தப் பார்ட்டிஷனிலிருந்துதான் ஓடுகிறது. 'வின்ஆர்இ' என்பது அதன் சுருக்கப் பெயர்.

இரண்டாவது பெரியது. லேப்டாப் கம்பெனி வைத்து அனுப்புவது. பெட்டியைப் பிரித்த நாளில் கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்புவதற்கான விண்டோஸ் நகல், அந்த மாடலுக்கான டிரைவர்கள், கூடவே நீங்கள் கேட்காத ஆன்டிவைரஸ் ட்ரையல் எல்லாம் அதற்குள் இருக்கும். பொதுவாக 10 முதல் 20 ஜிபி வரை பிடிக்கும். இடம் பிடிக்க வேண்டும் என்றால் கண் வைக்க வேண்டியது இதன் மேல்தான்.

500 ஜிபி டிஸ்க் வாங்கினேன், 465 ஜிபிதான் காட்டுகிறது. மீதி 35 ஜிபி ரெக்கவரியா?

இல்லை. கம்பெனிக்காரர்கள் 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஆல் வகுத்து வகுத்துக் கணக்கிடுகிறது. அதனால் 256 ஜிபி 238 ஆகவும், 512 ஜிபி 476 ஆகவும், 1 டிபி 931 ஜிபியாகவும் தெரியும். எந்த இடமும் ஒளிந்திருக்கவில்லை, எதை அழித்தாலும் அது திரும்ப வராது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரியும் கட்டங்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள். 465 வந்துவிட்டால் கணக்கு சரி.

என் டிஸ்க்கில் எது எந்தப் பார்ட்டிஷன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கே நேரம் செலவழித்தால் பின்னால் அழ வேண்டியதில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்கள். டிஸ்க்பார்ட் என்று தட்டுங்கள்; பார்ட்டிஷன்களைக் கட்டளை மூலம் கையாளும் விண்டோஸ் கருவி அது. அடுத்து 'லிஸ்ட் டிஸ்க்'. பென்டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிட்டால் பட்டியலில் குழப்பம் இருக்காது. பிறகு 'செலக்ட் டிஸ்க் 0', அதன்பின் 'லிஸ்ட் பார்ட்டிஷன்'.

256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு கம்பெனி லேப்டாப்பில் அந்தப் பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும்:

பார்ட்டிஷன் 1, சிஸ்டம், 260 எம்பி
பார்ட்டிஷன் 2, ரிசர்வ்டு, 16 எம்பி
பார்ட்டிஷன் 3, பிரைமரி, 221 ஜிபி
பார்ட்டிஷன் 4, ரெக்கவரி, 990 எம்பி
பார்ட்டிஷன் 5, ரெக்கவரி, 15 ஜிபி

1 என்பது இஎஃப்ஐ பார்ட்டிஷன். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் மதர்போர்டு முதலில் தேடிப் போகும் இடம் அது. 2 மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைத்த துளி இடம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கண்ணில் படவே படாது. 3 உங்கள் சி டிரைவ். 4 நாம் சொன்ன சின்னது, 5 பெரியது.

அளவை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். டிஸ்க்பார்ட்டிலிருந்து 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வந்து 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' என்று தட்டுங்கள். ஆர், இ, ஏ, ஜி, இ, என், டி, சி என்று எட்டு எழுத்து. கடைசி சி-யை விட்டுவிட்டால் ஓடாது. வின்ஆர்இ எனேபிள்டா டிஸேபிள்டா என்று முதல் வரி சொல்லும். அடுத்த வரியில் நீளமான ஒரு பாதை வரும். அதன் நடுவில் 'ஹார்ட்டிஸ்க்0', 'பார்ட்டிஷன்4' என்று எண் இருக்கும். அந்த எண் எதுவோ அதுதான் இப்போது உயிரோடு இருக்கும் விண்டோஸ் ரெக்கவரி. ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அப்படியானால் எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது?

கம்பெனி வைத்த பெரியதை, கீழே சொல்லும் முன்னேற்பாடுகளை முடித்த பிறகு தாராளமாக அழிக்கலாம். இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தொடவே கூடாது. அது போனால் சி டிரைவில் விண்டோஸ் முழுசாக இருந்தும் கம்ப்யூட்டர் 'பூட் டிவைஸ் இல்லை' என்று கையை விரித்துவிடும். 16 எம்பி ரிசர்வ்டு கட்டத்தை அழித்தால் கிடைக்கும் இடம் ஒன்றுமில்லை, அதையும் விட்டுவிடுங்கள்.

சின்ன ரெக்கவரியை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. அரை ஜிபி என்பது போனில் எடுத்த ஒரு சில வீடியோக்களின் அளவு. அதற்காக, விண்டோஸ் படுத்துவிடும் அன்றைக்குக் கைகொடுக்கும் கருவியை இழப்பது லாபமில்லை.

பெரியதை அழிப்பதற்கு முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

உங்கள் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது சொல்லாமலே தெரியும். பார்ட்டிஷன் வேலை செய்யும்போது சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள்.

அடுத்தது பென்டிரைவ். ஸ்டார்ட் மெனுவில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடினால் 'கிரியேட் எ ரெக்கவரி டிரைவ்' என்ற கருவி வரும். 'பேக்கப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கை எடுக்காமல் ஓட்டுங்கள். குறைந்தது 16 ஜிபி பென்டிரைவ் கேட்கும், 32 இருந்தால் நிம்மதி. உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண ஃபோட்டோ வைத்திருக்கும் பென்டிரைவைச் செருக வேண்டாம். வேலை மெதுவாகத்தான் நகரும். செருகிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

இதற்கு மாற்றாக மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் சுத்தமான விண்டோஸ் இன்ஸ்டாலரை உருவாக்கிக்கொள்ளலாம். எனக்கு இதுவே மேல் என்று படுகிறது. கம்பெனி ஒட்டிய குப்பைகள் இதில் வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்ற ஸ்டோரேஜ் அமைப்பு ஆன் ஆகியிருக்கும். அவற்றில் சுத்தமான இன்ஸ்டாலரை ஓட்டினால் 'எந்த டிஸ்க்கும் இல்லை' என்று வெறும் பட்டியல் வரும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பயந்து சர்வீஸ் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. தேவைப்படுவது ஒரு டிரைவர் மட்டுமே. கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு ஸ்டோரேஜ் டிரைவரையும் வைஃபை டிரைவரையும் இறக்கி அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பெரிய ரெக்கவரியில் உண்மையிலேயே மதிப்புள்ள சரக்கு இந்த டிரைவர்கள்தான்.

ஃபேக்டரி நகலே வேண்டும் என்பவர்களுக்கு எச்பியின் கிளவுட் ரெக்கவரி டூல், டெல்லின் ஓஎஸ் ரெக்கவரி டூல், லெனோவோவின் டிஜிட்டல் டவுன்லோட் ரெக்கவரி சர்வீஸ் ஆகியவை இருக்கின்றன. சீரியல் எண்ணைக் கொடுத்தால் உங்கள் மாடலுக்கு நகல் கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். கிடைக்கிறதென்றால் டிஸ்க்கில் 15 ஜிபியை முடக்கி வைப்பதற்குக் காரணமே இல்லை.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ரைட் கிளிக் செய்தால் 'ஹெல்ப்' மட்டும் வருகிறது. டெலீட் எங்கே?

வராது. ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு 'இது பாதுகாக்கப்பட்டது' என்று ஒரு குறி போடப்பட்டிருக்கும். அந்தக் குறியைப் பார்த்ததும் டிஸ்க் மேனேஜ்மென்ட் எல்லா மெனுவையும் மூடிவிடுகிறது. தெரியாமல் கை பட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. டிஸ்க்பார்ட்டுக்கு அந்தக் குறியை மீறும் அதிகாரம் உண்டு.

சரி, டிஸ்க்பார்ட்டில் எப்படி அழிப்பது?

மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். டிஸ்க்பார்ட்டுக்குள் போய் 'செலக்ட் டிஸ்க் 0', 'லிஸ்ட் பார்ட்டிஷன்', 'செலக்ட் பார்ட்டிஷன் 5' என்று வரிசையாகக் கொடுங்கள். உடனே அழிக்காதீர்கள். 'டீடெய்ல் பார்ட்டிஷன்' என்று ஒருமுறை தட்டினால் தேர்ந்தெடுத்த பார்ட்டிஷனின் வகை, மறைக்கப்பட்டதா இல்லையா, அளவு எல்லாம் வரும். 15 ஜிபி என்று இருக்கிறதா, தாளில் எழுதிய எண் இதுவல்லதானே என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு'.

'நிச்சயமாகவா?' என்றெல்லாம் டிஸ்க்பார்ட் கேட்காது. என்டர் தட்டியவுடன் வேலை முடிந்துவிடும். 'ரீசைக்கிள் பின்'னும் இல்லை. வெளியே வந்து 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ'வை மறுபடி ஓட்டி, எனேபிள்டு என்றே சொல்கிறதா என்று பார்த்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அழித்துவிட்டேன். ஆனால் சி டிரைவில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கிறதே?

காலியான இடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் இருந்தால்தான் விண்டோஸ் அதைச் சேர்த்துக்கொள்ளும். நம் உதாரணத்தில் 15 ஜிபி காலி இடத்துக்கும் சி-க்கும் நடுவே 990 எம்பி பார்ட்டிஷன் நிற்கிறது. நம் மனைக்கும் வாங்கிய மனைக்கும் இடையில் அடுத்தவர் வீடு இருந்தால் காம்பவுண்டை நீட்ட முடியாதல்லவா, அதே கதை.

மூன்று வழிகள் உண்டு. சுலபமானது, அந்த 15 ஜிபியில் 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து டி டிரைவாக வைத்துக்கொள்வது. டவுன்லோடு ஃபோல்டரையோ படங்களையோ அங்கே மாற்றினால் சி-யில் அதே அளவு மூச்சு விட இடம் கிடைக்கும். பெரும்பாலானோருக்கு இதுவே போதும், ஆபத்தும் இல்லை.

இரண்டாவது, ஜிபார்ட்டட் லைவ் போன்ற கருவியைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, நடுவில் நிற்கும் சின்னதை டிஸ்க்கின் கடைசிக்கு நகர்த்துவது. விண்டோஸுக்குள்ளேயே ஓடும் இலவச பார்ட்டிஷன் மென்பொருள்களும் இருக்கின்றன. நகர்த்தும் வசதிக்கு வரும்போது பணம் கேட்பவையும் அவற்றில் உண்டு.

மூன்றாவது, மைக்ரோசாஃப்ட்டே சொல்லித்தரும் முறை. 'ரீஏஜென்ட்சி /டிஸேபிள்' கொடுத்தால் வின்ஆர்இ ஃபைல் அந்தப் பார்ட்டிஷனிலிருந்து சி டிரைவுக்குள், விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32-க்குக் கீழே உள்ள ரெக்கவரி ஃபோல்டருக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு 4-ஆம் பார்ட்டிஷனையும் ஓவர்ரைடு போட்டு அழிக்கலாம். இப்போது சி-க்குப் பக்கத்தில் தடையே இல்லை. டிஸ்க்கின் கடைசியில் 1 ஜிபியை மட்டும் விட்டுவிட்டு சி-யை நீட்டுங்கள். விட்ட 1 ஜிபியில் புதிய பார்ட்டிஷன் உருவாக்கி, அதற்கு ரெக்கவரி என்ற அடையாள எண்ணைக் கொடுத்து, 'ரீஏஜென்ட்சி /எனேபிள்' செய்தால் ஃபைல் தானாக அங்கே குடிபோய்விடும். அந்த அடையாள எண் 32 எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்கும். கையால் தட்டுவது வம்பு. மைக்ரோசாஃப்ட்டின் கேபி5028997 என்ற உதவிப் பக்கத்தில் முழுக் கட்டளை வரிகளும் இருக்கின்றன. காப்பி செய்து ஒட்டுங்கள்.

'டிஸேபிள்' செய்யாமல் சின்னதை நேரடியாக அழித்துவிட்டால்?

வின்ஆர்இ ஃபைல் அதோடு போய்விடும். பிறகு 'எனேபிள்' கொடுத்தால் 'இமேஜ் கிடைக்கவில்லை' என்று பதில் வரும். அதற்காக விண்டோஸை மறுபடி போட வேண்டியதில்லை. உங்கள் விண்டோஸ் பதிப்புக்கான ஐஎஸ்ஓவை (இன்ஸ்டாலர் முழுதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, அதனுள் இருக்கும் 'இன்ஸ்டால்' என்ற பெரிய ஃபைலை 7-ஜிப் என்ற மென்பொருள் கொண்டு திறந்தால், சிஸ்டம்32-இல் ரெக்கவரி ஃபோல்டருக்குள் 'வின்ஆர்இ' ஃபைல் இருக்கும். அதை உங்கள் சி டிரைவில் அதே இடத்தில் காப்பி செய்துவிட்டு 'எனேபிள்' கொடுங்கள். தனிப் பார்ட்டிஷன் இல்லாவிட்டால் சி டிரைவிலேயே ஒரு மறைந்த ஃபோல்டரில் அது தங்கிக்கொள்ளும்.

சி-யிலேயே தங்கும் என்றால் தனிப் பார்ட்டிஷன் எதற்கு?

சி டிரைவ் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய வேண்டிய கருவியும் சேர்ந்து கெட்டுப்போகும். டிரைவை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் போட்டிருந்தால் சிக்கல் இன்னொரு வகையில் வரும்: பூட்டிய டிரைவுக்குள்ளேயே சாவியை வைத்த நிலைமை. தனிப் பார்ட்டிஷன் வைக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் வற்புறுத்துவது இதனால்தான்.

ரெக்கவரியை அழித்தால் விண்டோஸ் அப்டேட் பாதிக்குமா?

மாதாமாதம் வரும் சாதாரண அப்டேட்கள் பாதிக்காது. ஆனால் வின்ஆர்இக்கென்றே சில அப்டேட்கள் வரும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட் பலருக்கு நினைவிருக்கும். பிட்லாக்கர் பாதுகாப்பை வின்ஆர்இ வழியாகத் தாண்டிவிட வழிவகுத்த ஒரு ஓட்டையை அடைக்க வந்தது அது. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்களில் அந்தக் கட்டமே 500 எம்பிதான். அதில் காலி இடம் எங்கே இருக்கும்? 0எக்ஸ்80070643 என்ற பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றது. இடத்தைப் பெருக்கச் சொல்லி அப்போது காட்டப்பட்ட வழிதான் மேலே சொன்ன கேபி5028997. ஆக, சின்னதைப் புதிதாக உருவாக்குகிறீர்கள் என்றால் கஞ்சத்தனம் காட்டாமல் 1 ஜிபி கொடுங்கள்.

என் டிஸ்க்கில் மூன்று ரெக்கவரி பார்ட்டிஷன்கள் இருக்கின்றன. எல்லாம் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. விண்டோஸின் பெரிய அப்டேட் வரும்போது பழைய ரெக்கவரி கட்டம் போதாவிட்டால், சி-யிலிருந்து கொஞ்சம் வெட்டிப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழையதைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிடும். 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' காட்டும் எண் உயிருள்ளது. மற்ற சின்னவை வெறும் கூடுகள். அவற்றை அழித்தால் பாதகமில்லை, ஆனால் வருவது 500 எம்பிதான். அதுவும் சி-க்கு ஒட்டி இல்லாவிட்டால் அதற்கும் பயனில்லை.

விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?

போகாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து கம்பெனி லேப்டாப்களில் கீ மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைத் திரும்பப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 7 லேப்டாப் என்றால் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் கீ இருக்கும், தேய்ந்துபோவதற்குள் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்போடு வந்த ஆபீஸ் மென்பொருளை ஒருமுறை ஆக்டிவேட் செய்திருந்தால் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கும், மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

ஃபேக்டரி ரீசெட் இனி வேலை செய்யாதா?

எந்த ரீசெட் என்று பார்க்க வேண்டும். ஆன் செய்தவுடன் எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம், ஏசூஸில் எஃப்9, லெனோவோவில் பக்கவாட்டில் ஊசித் துளை போலிருக்கும் நோவோ பட்டன் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி உண்டு. பெரியதை அழித்தால் இந்த வழியில் கிடைத்த கம்பெனி நகல் போய்விடும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி' வேறு. விண்டோஸ் 10-இலிருந்து அது தன்னிடம் இருக்கும் சிஸ்டம் ஃபைல்களைக் கொண்டே விண்டோஸை மறுபடி கட்டிக்கொள்கிறது, கம்பெனி நகலை நம்பி இல்லை. 2020-இல் வந்த, '2004' என்ற எண் கொண்ட பதிப்பிலிருந்து 'கிளவுட் டவுன்லோடு' என்ற வழியும் சேர்ந்தது. சுமார் 4 ஜிபி இறக்கிப் புதிதாகப் போடும். இதெல்லாம் நடக்க வின்ஆர்இ வேண்டும். சின்னதை விட்டுவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது.

இன்னொரு விஷயம். கம்பெனி நகல் நீங்கள் வாங்கிய நாளின் விண்டோஸையே கொண்டுவரும். விண்டோஸ் 8-உடன் வாங்கி 10-க்கு மாறிய லேப்டாப்பில் எஃப்11 அழுத்தினால் மறுபடி 8-க்குப் போய் நிற்பீர்கள். அந்த நகலுக்காக 15 ஜிபி ஒதுக்குவது வீண்.

டி டிரைவ் 'ரெக்கவரி' என்று காட்டி, நிறைந்துவிட்டதாக நச்சரிக்கிறது. அழித்துவிடலாமா?

அழிக்காமலே தீரும். மறைந்திருக்க வேண்டிய பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்து ஒட்டிக்கொண்டதுதான் காரணம். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10-இன் 1803 அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கும் இப்படி நடந்தது. டிஸ்க்பார்ட்டில் அந்த வால்யூமைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ் லெட்டர்' கொடுத்து எழுத்தை எடுத்துவிட்டால் நச்சரிப்பு நின்றுவிடும். எடுப்பதற்கு முன் உள்ளே திறந்து பாருங்கள். வீட்டில் யாராவது அதைச் சாதாரண டிரைவ் என்று நினைத்து ஃபைல்களைப் போட்டு வைத்திருக்கலாம்.

பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

தெரியாமலே ஆன் ஆகியிருப்பவர்கள் அதிகம்; விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானே ஓடிக்கொண்டிருக்கும். 48 இலக்க ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று வேறொரு கருவியிலிருந்து போய்ப் பார்த்து, எழுதி வையுங்கள். வேலையைத் தொடங்கும் முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். கீ கையில் இல்லாமல் பார்ட்டிஷனில் கை வைப்பது எந்த நிலையிலும் கூடாது.

பழைய விண்டோஸ் 7 லேப்டாப். புதிய பார்ட்டிஷனே உருவாக்க முடியவில்லை, டைனமிக் டிஸ்க்காக மாற்றச் சொல்கிறது. மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். அந்தக் கால டிஸ்க்குகள் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கும். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் முடியாது. எச்பி லேப்டாப்களில் சிஸ்டம், சி, ரெக்கவரி, எச்பி டூல்ஸ் என்று நான்கையும் கம்பெனியே நிரப்பி அனுப்பியது. டைனமிக்காக மாற்றினால் பின்னால் லினக்ஸ் போடுவதும், விண்டோஸைப் புதிதாகப் போடுவதும் தலைவலியாகிவிடும். இங்கே ரெக்கவரியை டிவிடியிலோ பென்டிரைவிலோ எடுத்துவிட்டு அழிப்பதில் இடத்தோடு ஒரு பார்ட்டிஷன் சீட்டும் கிடைக்கிறது. அழிக்க நியாயமான காரணம் இது ஒன்று. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டதால் அந்த நகலைப் பத்திரப்படுத்தியும் பெரிய பயனில்லை.

32 ஜிபி மட்டுமே உள்ள குட்டி லேப்டாப். அதில் 5 ஜிபி ரெக்கவரி இருக்கிறது. தூக்கலாமா?

நில்லுங்கள். முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் கீழே 'விம் பூட்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 2014-இல் விண்டோஸ் 8.1 அப்டேட்டோடு வந்த ஏற்பாடு அது. இடம் குறைவான கருவிகளில் விண்டோஸின் ஃபைல்கள் சுருக்கப்பட்ட நிலையில் ரெக்கவரி கட்டத்துக்குள்ளேயே இருக்கும். சி-யில் இருப்பவை அவற்றைச் சுட்டும் குறிகள் மட்டுமே. அந்த 'ரெக்கவரி'யை அழிப்பது விண்டோஸையே அழிப்பதுதான். விண்டோஸ் 10-இல் இந்த முறையைக் கைவிட்டு 'காம்பாக்ட் ஓஎஸ்' என்று மாற்றிவிட்டார்கள்; சுத்தமாக 10 போட்டிருந்தால் இந்த ஆபத்து இல்லை.

ரெக்கவரி என்றும் இல்லை, பெயரும் இல்லை. இப்படி ஒரு கட்டம் இருக்கிறதே?

லினக்ஸாக இருக்கலாம். லினக்ஸின் பார்ட்டிஷன்களை விண்டோஸால் படிக்க முடியாது, அதனால் பெயரில்லாத கட்டமாகவே காட்டும். தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. ஆன் செய்யும்போது எந்த ஓஎஸ் என்று கேட்கும் மெனு வருகிறதென்றால், அந்த மெனுவே லினக்ஸ் பக்கம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை மட்டும் அழித்தால் மெனுவும் போய், விண்டோஸுக்குள்ளும் நுழைய முடியாமல் நிற்பீர்கள். முதலில் விண்டோஸ் தானே பூட் ஆகும்படி சரிசெய்துவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

தப்பான பார்ட்டிஷனை அழித்துவிட்டேன்!

கம்ப்யூட்டரில் வேறு எதுவும் செய்யாதீர்கள். 'இனிஷியலைஸ்', 'ஃபார்மட்' என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழிந்தது பட்டியலில் உள்ள வரிதான், உள்ளே இருந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும், அதன்மேல் எதுவும் எழுதப்படாதவரை. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் பழைய பார்ட்டிஷனின் எல்லையைத் தேடிக் கண்டுபிடித்துப் பட்டியலில் திரும்ப எழுதும். ரீஸ்டார்ட் செய்யாமல் இருப்பது நல்லது, அழிந்தது இஎஃப்ஐ என்றால் நிச்சயமாக. எஸ்எஸ்டி என்றால் அவசரம் இன்னும் அதிகம். காலியான இடத்தை அது பின்னணியில் துடைத்துவிட வாய்ப்புண்டு.

அழித்தால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

ஆகாது. ஓடாத பார்ட்டிஷன் எதையும் மெதுவாக்குவதில்லை. சி டிரைவ் நிரம்பி வழிந்து திணறிக்கொண்டிருந்தால், இடம் கிடைத்த பிறகு கொஞ்சம் தெளியும், அவ்வளவுதான்.

விண்டோஸையே புதிதாகப் போடப் போகிறேன். அப்போது?

அப்படியானால் டிஸ்க்பார்ட் கூத்தெல்லாம் வேண்டாம். இன்ஸ்டாலரில் 'எங்கே போட வேண்டும்' என்று பட்டியல் காட்டும் திரையில், பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று உறுதியாக இருந்தால், எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்து ஒரே காலி இடமாக்கி 'நெக்ஸ்ட்' கொடுங்கள். தனக்கு வேண்டிய கட்டங்களை அதுவே சரியான அளவில் உருவாக்கிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடும்போதும் இதுவே நல்ல வழி.

ரெக்கவரியைத் தொடாமல் இடம் கிடைக்க வழி உண்டா?

உண்டு, பல நேரம் இதிலேயே அதிகம் கிடைக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் 'டெம்பரரி ஃபைல்ஸ்' பாருங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு 'முந்தைய விண்டோஸ்' அங்கே பல ஜிபி பிடித்திருக்கும். 10 நாளில் தானே போகும், அவசரமென்றால் நீங்களே தள்ளிவிடலாம்.

அடுத்தது ஹைபர்னேஷன் ஃபைல், அதாவது கம்ப்யூட்டரை அணைக்கும்போது திறந்திருந்த வேலைகளைச் சேமித்து வைக்கும் ஃபைல். ரேமில் ஏறக்குறைய 40 சதவீதம் அளவுக்கு சி-யில் உட்கார்ந்திருக்கும், அதாவது 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' என்று கொடுத்தால் அப்படியே திரும்பக் கிடைக்கும். ஹைபர்னேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டும் வேண்டும் என்பவர்கள் 'ஆஃப்' என்பதற்குப் பதிலாக '/டைப் ரெட்யூஸ்டு' கொடுத்தால் ஃபைல் பாதியாகச் சுருங்கும். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவர் என்றால் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பழைய அப்டேட்களின் மிச்சத்தைக் கழிக்க 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ஸ்டார்ட்காம்போனென்ட்கிளீனப்' என்ற கட்டளை இருக்கிறது. விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் அழிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். குறைக்க வேண்டுமென்றால் இந்தக் கட்டளை வழியாக மட்டும். பிறகு டவுன்லோடு ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் இறக்கி இன்ஸ்டால் செய்து முடித்த செட்அப் ஃபைல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.